பாட்டரியை மாற்றுமுன்: சங்கத்து டிராக்டரில் சார்ஜ் பழுதை அறியும் முறை

கடன் கொடுத்து வசூலிப்பதோடு நில்லாமல், உழவுக்கு டிராக்டரை வாடகைக்கு விட்டு அங்கத்தினர்களுக்கு உதவி வரும் கூட்டுறவுச் சங்கங்கள் இன்று பல உள. டிராக்டர் ஒரு நாள் நின்றுபோனால் சங்கத்துக்கு அன்றைய வாடகைதான் நஷ்டம். ஆனால் அங்கத்தினருக்கோ நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது, முறைத் தண்ணீர் வீணாகிறது, நடவுக்கு வந்த ஆட்கள் திரும்பிப் போகிறார்கள். இவ்விதம் வண்டி நிற்பதற்குரிய காரணங்களுள் அடிக்கடி நேரிடுவது, காலையில் சாவியைத் திருப்பியதும் செல்ஃப் எடுக்காமல் போவதே. அப்போது எல்லோரும் ஒருமுகமாகச் சொல்வது, “பாட்டரி போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்” என்பது. இத்தீர்ப்பு பல சமயங்களில் அவசரத் தீர்ப்பாகும். பாட்டரி வெறுமையாக இருப்பது நோயின் குறி. நோய் எங்கே இருக்கிறதென்பது வேறு விஷயம். அதனைக் கண்டறியும் முறையை அங்கத்தினர் யாவரும் அறிந்துகொள்ளும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கணக்குப் பார்க்கச் சென்ற ஒரு நஞ்சைக் கிராமத்துச் சங்கத்தில், பதினான்கு மாதங்களுக்குள் டிராக்டருக்கு இரண்டு பாட்டரிகள் வாங்கியதற்கு வவுச்சர்கள் இருந்தன. முதல் வவுச்சரை முந்திய வருஷம் நானே கேள்வி கேளாமல் ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டாவதைப் பார்த்தபின்தான் விசாரிக்கத் தோன்றியது. டிரைவர் இரவில் விளக்கை அணைக்காமல் விட்டுப் போகிறார் என்று நிர்வாகக் குழுவினர் முடிவு செய்து, இரண்டாவது பாட்டரியின் விலையில் ஒரு பகுதியை அவருடைய சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவரோ, “ஐயா, நான் ஒரு நாளும் விளக்கை அணைக்காமல் போனதில்லை, என் பேச்சை யாரும் கேட்கவில்லை” என்று வருத்தத்தோடு சொன்னார். அச்சங்கத்தில் உண்மை எவ்வாறு வெளிப்பட்டதென்பதைப் பின்னர்ச் சொல்லுவேன். முதலில் வண்டியில் மின்சாரம் உண்டாகும் வகையையும் அது சேரும் வகையையும் கவனிப்போம்.

ஏற்றமும் தொட்டியும்

கிணற்றிலிருந்து ஏற்றத்தால் நீரை இறைத்துத் தொட்டியில் நிரப்பி, வாய்க்கால் வழியே பாய்ச்சி வந்தோம் அல்லவா? வண்டியிலும் இதே ஏற்பாடுதான். பாட்டரி தொட்டியைப் போன்றது. மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருந்து, செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும்போது ஒரேயடியாகக் கொடுக்கிறது. ஆல்டர்னேட்டர் ஏற்றத்தைப் போன்றது. இஞ்சின் ஓடுகையில் பெல்ட்டினால் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கி, செலவான அளவைப் பாட்டரிக்குத் திரும்பக் கொடுக்கிறது. ரெகுலேட்டர் மடையைப் போன்றது. மின்சாரம் அளவுக்கு மிஞ்சாமல் தடுக்கிறது. ஒயர்கள் வாய்க்கால்கள். நீருக்கில்லாத ஒரு நியதி மின்சாரத்துக்கு உண்டு: போன மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். வண்டியில் அது திரும்பும் பாதை இஞ்சினும் வண்டியின் இரும்பு உடலும் ஆகும். இதையே எர்த் என்கிறார்கள்.

காந்தத்தையும் கம்பிச்சுருளையும் அசைத்து மின்சாரம் உண்டாக்கலாமென்பதை 1831-ஆம் வருஷத்தில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்டார். ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்து மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரியை 1859-ல் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தார். நமது வண்டிகளில் இருப்பவை இவ்விரண்டின் வழிவந்தவையே. முற்காலத்து வண்டிகளில் டைனமோவும் கட்-அவுட் பெட்டியும் இருந்தன. 1960-களிலிருந்து ஆல்டர்னேட்டர் அந்த ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் பட்டறைகளில் அதையும் டைனமோ என்றே சொல்லுவார்கள். பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்.

எனவே, பாட்டரி வெறுமையானால் காரணம் நான்கில் ஒன்றாகவே இருக்கும். தொட்டியே ஓட்டையாயிருக்கலாம், ஏற்றம் இறைக்காதிருக்கலாம், வாய்க்கால் அடைபட்டிருக்கலாம், இரவில் யாரும் அறியாமல் நீர் கசிந்து போகலாம். இந்நான்கில் எது என்று அறியாமல் புதுப் பாட்டரி வாங்குவது, இறைக்காத ஏற்றத்துக்குப் புதுத் தொட்டி கட்டுவதை ஒக்கும். மேலும், அரைகுறையாகவே சார்ஜ் ஏறிவரும் பாட்டரியின் தகடுகளில் உப்புப் போன்ற ஒரு பொருள் இறுகிப் படிந்துவிடும். பின்னர் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது பிடிக்காது. ஆகையால் மூலக் குற்றத்தைத் தீர்க்காவிட்டால் புதுப் பாட்டரியும் சில மாதங்களில் பழையதன் கதியையே அடையும்.

முதலில் கண்ணும் கையும்

கருவி எடுக்குமுன் இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

பாட்டரியின் டெர்மினல்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவ வேண்டும். கையால் அசைத்தால் டெர்மினல் அசையக் கூடாது. மூடி திறக்கும் பாட்டரியாயின், தகடுகள் மூழ்கும்படி நீர் இருக்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

பெல்ட்டின் நீண்ட பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ வேண்டும். அதிகம் தாழ்ந்தால் பெல்ட் வழுக்கும். சிறிதும் தாழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் பேரிங் கெடும். விளக்குகளைப் போட்டதும் கிறீச்சென்று சத்தம் வருமாயின் அது பெல்ட் வழுக்குவதற்கு அடையாளம்.

டாஷ்போர்டில் பாட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். சாவி திருப்பியபோதே எரியாவிட்டால், “விளக்கு எரியவில்லை, ஆகவே குற்றமில்லை” என்று மகிழ்தல் தவறு. பல வண்டிகளில் அவ்விளக்கின் வழியாகச் செல்லும் சிறு மின்சாரமே ஆல்டர்னேட்டரை விழிக்கச் செய்கிறது. பல்பு போயிருந்தாலோ, அதன் ஒயர் கழன்றிருந்தாலோ, உள்ளே கரி பிரஷ் தேய்ந்திருந்தாலோ ஆல்டர்னேட்டர் சுழன்றும் பயனில்லை. சில ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றிய வண்டிகளும் உண்டு.

பின்னர் அளவுக்கருவி

மல்டிமீட்டர் என்னும் அளவுக்கருவி இப்போது சிறு பட்டணங்களிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சங்கத்தில் ஒன்று வாங்கி வைத்தல் நன்று. அதன் குமிழை டி.சி. 20 வோல்ட் என்ற இடத்தில் நிறுத்தி, சிவப்பு முனையைப் பாட்டரியின் பிளஸ் டெர்மினலிலும் கறுப்பு முனையை மைனஸ் டெர்மினலிலும் வைக்க வேண்டும். கீழே கொடுக்கும் எண்கள் 12 வோல்ட் வண்டிக்கு உரியவை. இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் லாரிகளுக்கு முதல் மூன்று பரீக்ஷைகளின் வோல்ட் எண்களை இரட்டிப்பாகக் கொள்க.

முதற் பரீக்ஷை, ஓய்வு நிலை. வண்டி இரவு முழுவதும் நின்றபின் காலையில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டும் அதற்குச் சிறிது மேலும் இருந்தால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 எனில் சுமார் முக்கால் பங்கு, 12.2 எனில் பாதி, 12.0 எனில் கால் பங்கு. 10.5 அளவில் நின்று, சார்ஜ் ஏற்றியும் உயராவிட்டால், ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டதெனக் கருதலாம். ஒவ்வோர் அறையும் தருவது இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல்.

இரண்டாம் பரீக்ஷை, செல்ஃப் சுழலும் நிலை. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் கருவியைப் பார்க்க வேண்டும். நிறைந்த பாட்டரி செல்ஃப் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. ஓய்வில் 12.6 காட்டிய பாட்டரி இப்போது 8-க்கோ 7-க்கோ விழுந்தால் அது வலுவிழந்தது; அதனை மாற்றுவது நியாயம். அவ்வாறு விழாமல் 11-க்கு மேல் நிற்கவும், செல்ஃப் மட்டும் மெதுவாகச் சுழன்றால், பாட்டரியின்மேல் பழியில்லை. தடித்த கேபிளையும் செல்ஃப் மோட்டாரையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பரீக்ஷை, இஞ்சின் ஓடும் நிலை. இஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு மீண்டும் பாட்டரியில் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. ஓய்வில் இருந்த எண்ணே நின்று, வரவரக் குறைந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மிஞ்சி ஏறுகிறது; பாட்டரி நீர் கொதித்து வற்றுவதும், பல்புகள் அடிக்கடி போவதும் இதன் குறிகள். பிறகு விளக்குகள் அனைத்தையும் போட்டு அளக்க வேண்டும். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நலம். அதற்குக் கீழே விழுந்தால் பெல்ட் வழுக்குதல், கரி பிரஷ் தேய்தல், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகளில் ஒன்று கெடுதல் ஆகியவற்றுள் ஒன்றைச் சந்தேகிக்கலாம். வாய்க்கால் அடைப்பும் இதே குறியைக் காட்டும். பழைய டைனமோ வண்டிகளில் இஞ்சின் மெதுவாக ஓடுகையில் சார்ஜ் ஏறாதிருப்பது இயல்பு. கம்ப்யூட்டர் மூலம் சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதுக் கார்களில் எண் கூடிக் குறைவதும் இயல்பு.

நான்காம் பரீக்ஷை, வாய்க்கால் அடைப்பு. இதனைப் பலர் செய்வதில்லை; ஆனால் இதுவே மிக முக்கியமானது. இஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, கருவியின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் புறப்படும் போல்ட்டிலும், மற்றொன்றைப் பாட்டரியின் பிளஸ் டெர்மினலிலும் வைக்க வேண்டும். நல்ல ஒயராயின் இவ்விரண்டுக்கும் வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் இராது. அடுத்து, ஆல்டர்னேட்டரின் உடலிலும் பாட்டரியின் மைனஸ் டெர்மினலிலும் முனைகளை வைக்க வேண்டும். இங்கே 0.2-க்கு மேல் இருக்கலாகாது. எந்தப் பக்கம் எண் கூடுகிறதோ அந்தப் பக்கத்தில் துருவோ, தளர்ந்த போல்ட்டோ, அறுந்த இழைகளோ உள்ளன.

ஐந்தாம் பரீக்ஷை, இரவுக் கசிவு. பகலில் நன்றாக ஓடிய வண்டி காலையில் எடுக்காவிட்டால் இதைச் செய்ய வேண்டும். சாவியை எடுத்து, விளக்குகளை அணைத்து, பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, கழற்றிய ஒயருக்கும் டெர்மினலுக்கும் இடையே கருவியை 10 ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் குற்றமில்லை. மிகுந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுத்ததும் எண் இறங்குகிறதோ அதன் வழியில் கசிவு இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்தும் இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் டையோடே கசியவிடலாம். ஒரே ஓர் ஆம்பியர் கசிவு மூன்று நாட்களில் 72 ஆம்பியர்-மணி ஆகும். 75 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று அதனால் அநேகமாக வெறுமையாகிவிடும். கருவி இவ்விதம் இணைந்திருக்கும்போது செல்ஃபை மறந்தும் அடிக்கக் கூடாது, கருவி எரிந்துபோகும்.

ஜாக்கிரதை

சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதனருகில் பீடி, தீக்குச்சி, பொறி எதுவும் ஆகாது. நீர் மட்டத்தைப் பார்க்கத் தீக்குச்சி கொளுத்திப் பிடிப்பது கண்ணையே இழக்கச் செய்யும். உள்ளிருப்பது கந்தகாமிலம், மேலே பட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். கழற்றும்போது மைனஸ் ஒயரை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். இஞ்சின் ஓடுகையில் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கப் பாட்டரி ஒயரைக் கழற்றுவது டைனமோக் காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அது டையோடுகளையும் ரெகுலேட்டரையும் ஒரு நொடியில் கெடுத்துவிடும். தோளில் துண்டுடனோ, தொங்கும் வேஷ்டியுடனோ ஓடும் பெல்ட்டருகில் குனியலாகாது.

அந்தச் சங்கத்தில் நடந்தது

மேற்சொன்ன கிராமத்தில் பக்கத்துப் பட்டணத்திலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்து, குழுவினர் முன்னிலையிலேயே பரீக்ஷை செய்யச் சொன்னோம். காலையில் பாட்டரி 12.1 வோல்ட் காட்டிற்று. இரவுக் கசிவு இல்லை. இஞ்சினை ஓட்டி விளக்குகளைப் போட்டபோது, ஆல்டர்னேட்டரிலேயே அளந்தால் 14.2 வோல்ட், பாட்டரியில் அளந்தால் 12.9 மட்டுமே. ஏற்றம் இறைக்கிறது, தொட்டிக்கு நீர் வந்து சேரவில்லை. பிளஸ் பக்கத்து வித்தியாசம் 0.2, ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் வித்தியாசம் 1.1. இரண்டையும் கூட்டினால் 1.3, 14.2-ல் 1.3 போக 12.9. கணக்குப் புத்தகத்தில் ஐந்தொகை ஒத்துவருவது போல அது ஒத்துவந்தது.

ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தோம். முதற் பாட்டரி வாங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, பேரிங் மாற்றுவதற்காக அதை இறக்கி ஏற்றியிருந்தார்கள். ஏற்றும்போது அதைத் தாங்கும் இரும்புப் பட்டைக்குத் துருப்பிடியாமலிருக்கத் தடிப்பாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு அடித்த அந்தப் பெயிண்டே, போல்ட்டுகளில் ஏறிய துருவுடன் சேர்ந்து, மின்சாரம் திரும்பும் வழியை அடைத்துவிட்டது. பட்டையை உப்புத்தாளால் தேய்த்து, ஆல்டர்னேட்டரின் உடலிலிருந்து இஞ்சினுக்குத் தனியாக ஓர் எர்த் ஒயரும் போட்டபின் பாட்டரியில் 14.0 வோல்ட் காட்டிற்று. செலவு ஓர் உப்புத்தாளும் ஒரு முழ ஒயரும் எலக்ட்ரீஷியனின் கூலியும். இதற்காகச் சங்கம் இரண்டு பாட்டரிகளின் விலையை இழந்திருந்தது. ஒரு மனிதர் குற்றமின்றிப் பழி சுமந்திருந்தார். அடுத்த கூட்டத்தில், பிடித்த பணத்தை டிரைவருக்குத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானமாயிற்று. முதல் வவுச்சரைக் கேள்வியின்றி ஒப்புக்கொண்ட என் தவற்றையும் அக்கூட்டத்தில் சொன்னேன்.

சங்கங்கள் செய்யத்தக்கது

டிராக்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று வாங்கி டிரைவருக்கும் காரியதரிசிக்கும் அதை உபயோகிக்கக் கற்பித்தல். இரண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதம் ஒரு முறை தேதியையும், ஓய்வு நிலை வோல்ட்டையும், ஓடும் நிலை வோல்ட்டையும் எழுதி வருதல். பாட்டரி வாங்கிய தேதியையும் உத்தரவாதச் சீட்டையும் அதிலேயே வைத்தல். எண் சிறிது சிறிதாக இறங்கி வருவது தெரிந்தால், நடவுக் காலம் வருமுன்பே பழுது பார்த்துக்கொள்ளலாம். மூன்று, மேற்கண்ட ஐந்து பரீக்ஷைகளின் எண்களும் எழுதி வைக்கப்படாமல் பாட்டரியோ ஆல்டர்னேட்டரோ வாங்க அனுமதிப்பதில்லையென்று குழுவில் தீர்மானம் செய்தல்.

சங்கத்தின் பணம் பல வீடுகளிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம். அளந்து பாராமல் நெல் வாங்குவாரில்லை. அளந்து பாராமல் பாட்டரி வாங்குவதும் அதைப் போலவே தகாது. ஒருவர்மேல் பழி சுமத்துவதற்கு முன்போ பத்து முறை அளந்து பார்த்தாலும் தகும்.